புகைக்கு நல்ல வழி காட்டுங்கள்! – வேன் வைத்திருப்போர் கேள்வி-பதில்

எஞ்சின் மாற்றிய வேனுக்குப் புதிதாக எக்ஸாஸ்ட் கட்டுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். பட்டறை வைத்திருப்பவர்களும் வேன் ஓட்டிப் பிழைப்பவர்களும் கேட்டவை என்பதால் பதிலும் நேராகவே இருக்கும்.

கேள்வி: ஓம்னியின் 796 சிசி எஞ்சினை இறக்கிவிட்டு 1.3 லிட்டர் எஞ்சின் ஏற்றியிருக்கிறேன். பழைய சைலன்சர் நன்றாகவே இருக்கிறது. அதையே மாட்டிக்கொள்ளட்டுமா? – ஈரோடு

பதில்: மாட்டினால் ஓடும், மேட்டில் ஏறாது! மூன்று சிலிண்டர் சின்ன எஞ்சின் விடும் புகைக்கு அளவு பார்த்துச் செய்த குழாய் அது. 1,300 சிசி எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் புகை தள்ளும். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. ஆளை ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையில் ஏறினால் தெரியும்: எஞ்சினுக்கு மூச்சு முட்டும், சூடேறும், பெட்ரோல் கரையும். மேனிஃபோல்டில் தொடங்கி வால்குழாய் வரை புதிதாகவே கட்டுங்கள். பழையதில் காப்பாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, வண்டியின் அடியில் இருக்கும் ரப்பர் ஹேங்கர் கொக்கிகள். இன்னொன்று, வெப்பத்தைத் தடுக்கும் தகடு. எதன் மேலும் இடிக்காமல் குழாய் போகக்கூடிய பாதையைக் கம்பெனிக்காரர்கள் யோசித்துத்தான் அந்தக் கொக்கிகளை வைத்திருக்கிறார்கள். முடிந்தவரை அதே பாதையில் போங்கள். ஆர்.சி. விஷயம் தனி. மதுரை வாசகருக்குக் கீழே சொல்லியிருக்கும் பதிலை அவசியம் படியுங்கள்.

கேள்வி: குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லதுதானே? – திருப்பூர்

பதில்: இல்லை. சிறிதானால் அடைக்கும், பெரிதானால் மந்தமாகும். குழாய்க்குள் வேகமாக ஓடும் புகை, தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை அதுதான் இழுத்து வெளியே கொண்டுவருகிறது. குழாய் அகலமானால் அந்த வேகம் செத்துவிடும். கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். ஆளும் சுமையும் ஏற்றும் வேனுக்குக் கீழ்ச் சுற்று இழுவைதான் சோறு போடுகிறது. உத்தேசமாக, 800 சிசி எஞ்சினுக்கு ஒன்றரை அங்குலம், 1.3 லிட்டருக்கு ஒன்றே முக்கால், 2 முதல் 2.5 லிட்டர் வரையுள்ள டீசலுக்கு இரண்டு அல்லது இரண்டே கால் அங்குலம் போதும். டர்போ இருந்தால் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். டர்போவுக்குப் பிறகு தடை குறையக் குறைய அது சுலபமாகச் சுற்றும்.

கேள்வி: “எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்” என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? – நாமக்கல்

பதில்: அவர் கண்டது சரி, சொன்ன காரணம் தவறு. சைலன்சரைக் கழற்றியதும் வண்டி இழுக்காமல் போவதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். எதிர் அழுத்தம் குறைந்ததால் அது நடக்கவில்லை. புகை ஓட்டத்தின் வேகமும் துடிப்பும் கலைந்ததால் நடந்தது. எதிர் அழுத்தம் எந்த எஞ்சினுக்கும் நன்மை செய்யாது. சரியான விட்டமுள்ள குழாய் போடுங்கள், அவரும் ஒப்புக்கொள்வார்.

கேள்வி: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் மாற்றிய வேனுக்கு முதன்முறையாக எக்ஸாஸ்ட் கட்டப் போகிறேன். எங்கே ஆரம்பிப்பது? – திருச்சி

பதில்: இரண்டு முனைகளிலும் ஆரம்பியுங்கள், நடுவில் வந்து சேருங்கள். எஞ்சின் தன் மவுண்ட் ரப்பர்களில் முழு எடையோடு உட்கார்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். ஜாக்கியிலோ செயின் பிளாக்கிலோ தொங்கும் எஞ்சினுக்கு அளவெடுத்தால் இறக்கியதும் எல்லாம் ஒரு விரற்கடை தள்ளிப்போகும். அதேபோல வண்டியைச் சேஸிஸில் தாங்காமல் சக்கரத்தில் நிற்கவைத்தே பின்பக்க அளவை எடுங்கள். ஆக்ஸில் மேலே வரும்போது குழாயைத் தொடக் கூடாது.

முதலில் மேனிஃபோல்ட் ஃபிளாஞ்சைப் போல்ட் போட்டு முறுக்குங்கள். அடுத்து சைலன்சரையும் வால்குழாயையும் ஹேங்கரில் மாட்டுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டிக் கம்பியை வளைத்துப் பார்த்து, அந்த வளைவுப்படி பெண்டுகளை வெட்டிச் சேருங்கள். வண்டியின் அடியில் பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டவையுங்கள். பிறகு மொத்தத்தையும் கழற்றி மேசைமேல் வைத்து முழுச் சுற்றும் பற்றவையுங்கள். படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் பற்றவைத்த இணைப்பில் நாம் பார்க்காத பக்கம் ஓட்டை இருக்கும்.

வண்டியில் பொட்டு வைக்கும் முன் செய்ய வேண்டியவை: பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இ.சி.யு. இருந்தால் அதன் பிளக்கை உருவுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் குழாயிலேயே கவ்வுங்கள். எங்கோ தள்ளிக் கவ்வினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். பெட்ரோல் குழாயை ஈரச் சாக்கால் மூடுங்கள், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். இன்னொன்று: மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. பைப்பை எடுக்காதீர்கள். அதன் மேலிருக்கும் துத்தநாகம் எரிந்து வரும் புகை, பற்றவைப்பவருக்கு அன்று இரவே குளிரும் காய்ச்சலும் கொடுக்கும்.

கேள்வி: ரெடிமேட் பெண்டு கிடைக்கவில்லை. மணல் அடைத்து வளைக்கலாமா? – விருதுநகர்

பதில்: தாராளமாக. மணல் காய்ந்திருக்கட்டும், அவ்வளவுதான். வாணலியில் வறுத்து ஆறவைத்த மணலைத் தட்டித் தட்டி இறுக்கமாக நிரப்பி, கேஸில் சூடாக்கி மெதுவாக வளைத்தால் வட்டம் நசுங்காது. ஈர மணலை அடைத்து இரு முனைகளையும் மூடிச் சூடாக்கினால் உள்ளே நீராவி சேர்ந்து அடைப்பு குண்டு மாதிரி தெறிக்கும். உயிர் விஷயம்.

கேள்வி: எஞ்சின் மாற்றியதிலிருந்து மேனிஃபோல்ட் பக்கம் குழாய் விரிசல் விட்டுக்கொண்டே இருக்கிறது. எத்தனை முறை பற்றவைப்பது? – கரூர்

பதில்: இனி ஒரு முறைகூட வேண்டாம்! விரிசல் விழும் இடம் நோயாளி. நோய் வேறு இடத்தில். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சாய்கிறது. குழாயோ வண்டியின் உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் இல்லையென்றால் பலவீனமான இடம் பிளந்துகொள்ளும். மேனிஃபோல்டுக்கு அருகில், நேரான பகுதியில் ஒரு பெல்லோஸ் வையுங்கள். அதன் எடையைத் தாங்க உடனே அடுத்து ஒரு ஹேங்கர் கொடுங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். மூன்று மீட்டர் நீள எம்.எஸ். குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். எஸ்.எஸ். 304 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர். ஹேங்கர் ரப்பருக்குப் பதிலாகக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த நீட்சி போக இடமில்லாமல் மேனிஃபோல்டைத் தள்ளும். உங்கள் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள், ஏதாவது ஓரிடத்தில் கட்டுக்கம்பி இருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு ரப்பர் போடுங்கள்.

கேள்வி: புது எக்ஸாஸ்ட் கட்டிய பிறகு மைலேஜ் சரிந்துவிட்டது. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை என்கிறார்கள். – சேலம்

பதில்: ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எங்கோ கசிவு இருக்கலாம். புகை துடிப்புத் துடிப்பாக வருவதால் ஓட்டை வழியாகப் புகை வெளியே போவதோடு வெளிக்காற்றும் உள்ளே நுழையும். அந்தக் காற்றை மோப்பம் பிடிக்கும் சென்சார், “பெட்ரோல் பற்றவில்லை” என்று இ.சி.யு.வுக்குச் சொல்லும், அதுவும் நம்பி ஊற்றும்.

சோதிப்பது எளிது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, திறந்த வெளியில் ஓர் ஆள் வால்குழாயை ஈரத்துணியால் சில நொடி பாதி அடைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை கொப்பளிக்கும் இடமே கசிவு. பழைய கசிவென்றால் கேஸ்கெட் ஓரத்தில் கரும்புகைக் கோடு விழுந்திருக்கும். சென்சாரின் தலை எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள். குழாயின் மேற்பாதியில், கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் குழாயில் தேங்கும் தண்ணீர் பட்டு உள்ளிருக்கும் பீங்கான் வெடித்துவிடும்.

கேள்வி: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டால் பிக்கப் கூடுமாமே? – வேலூர்

பதில்: நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டரை எடுப்பதால் வேன் ஓட்டுநருக்குத் தெரியும்படி எதுவும் கூடாது. பின்னால் வருகிறவருக்கு விஷம்தான் கூடும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. காரணம், நகரக் காற்று அந்த நிலைக்கு வந்திருந்தது. அடைத்துப்போனதென்றால் மாற்றுங்கள். எஞ்சின் மாற்றும்போது அந்த எஞ்சினுக்குரிய கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள். மேனிஃபோல்டுக்கு அருகிலேயே வையுங்கள். அது சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யத் தொடங்கும். வண்டியின் வாலில் கொண்டுபோய் வைத்தால் பாதி நேரம் சும்மா கிடக்கும்.

கேள்வி: 60 கிலோமீட்டர் வேகத்தில் வேனுக்குள் காது அடைக்கிற மாதிரி ஒரு ரீங்காரம். அதைத் தாண்டினால் அடங்கிவிடுகிறது. ஏன்? – கோவை

பதில்: உங்கள் வேன் எஞ்சினோடு சேர்ந்து பாடுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் நொடிக்கு 83 முறை புகை துடிக்கும். மூன்று சிலிண்டர் என்றால் 62 முறை. அந்தத் துடிப்பும் வேனின் தகரப் பெட்டி அதிரும் அளவும் ஒத்துப்போகும் வேகத்தில் ரீங்காரம் எழும். பழைய எஞ்சினோடு இல்லாதது இப்போது வருவதற்குக் காரணம் துடிப்பின் கணக்கு மாறியதுதான். பெரிய சைலன்சருக்கு முன்னால் ஒரு சின்ன ரெசொனேட்டர் சேருங்கள். குழாய் எங்காவது தரைத் தகட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். கூரையிலும் பக்கத் தகடுகளிலும் அதிர்வு அடக்கும் ஷீட் ஒட்டுங்கள். இந்த மூன்றையும் இதே வரிசையில் செய்தால் செலவு குறையும்.

கேள்வி: இங்கே 1980களின் ஃபோக்ஸ்வேகன் வானகன் ஒன்று வாங்கி, சுபாரு 2.2 லிட்டர் எஞ்சின் போடுகிறேன். சுபாருவின் எக்ஸாஸ்ட் பொருந்தவே மாட்டேன் என்கிறது! – கலிஃபோர்னியா

பதில்: பொருந்தாது, ஏனென்றால் எஞ்சின் திரும்பி நிற்கிறது. சுபாரு காரில் எஞ்சின் முன்னால், ஃபிளைவீல் பின்னோக்கி இருக்கும், குழாயும் பின்னோக்கி ஓடும். வானகனிலோ எஞ்சின் வண்டியின் வாலில், ஃபிளைவீல் முன்னோக்கி. சுபாருவின் குழாயை அப்படியே மாட்டினால் புகை உங்கள் சீட்டைப் பார்த்து வரும். அதனால் இரண்டு பக்க ஹெட்களிலிருந்தும் கீழே இறங்கும் குழாய்களைப் பின்பக்கம் திருப்பி ஒன்றுசேர்க்கும் புது ஹெட்டர் வேண்டும். எண்ணெய் சம்ப்புக்குக் கீழே குழாய் போகாதபடி பாருங்கள். அந்த எஞ்சினில் சம்ப்பே தரைக்கு நெருக்கமாக இருப்பதால்தான் பலர் குட்டையான சம்ப் போடுகிறார்கள்.

உங்கள் மாநிலச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றும் எஞ்சின் வண்டியின் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினுக்குரிய கன்வெர்ட்டர், சென்சார் எல்லாம் கூடவே வர வேண்டும். ஸ்மாக் ரெஃப்ரீ எனப்படும் புகைச் சோதனை நடுவர் பார்த்துச் சான்று தருவார். குழாயை வெட்டும் முன் அந்த விதிகளைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய மேட்டடார் வேனை மீட்டெடுக்கிறேன். எக்ஸாஸ்ட் கட்ட அடியில் இடம் இருக்குமா? – தஞ்சாவூர்

பதில்: நிறைய! மேட்டடார் முன்சக்கர இழுவை வண்டி. அடியில் புரொபெல்லர் ஷாஃப்ட் கிடையாது. மற்ற வேன்காரர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நேர்வழி கிடைக்கும். அப்பாவின் வண்டியை ஓடவைக்க வாழ்த்துகள்.

கேள்வி: வால்குழாயை நடுவிலேயே, பக்கவாட்டில் வெளியே விட்டுவிட்டால் குழாய் செலவு மிச்சமாகுமே? – திண்டுக்கல்

பதில்: வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் புகை பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும் என்கின்றன. இடப்பக்கம் நடைபாதை, பஸ் நிறுத்தம், ஏறி இறங்கும் மக்கள். எரிபொருள் குழாய்க்கும் புகைக்குழாய்க்கும் குறைந்தது 35 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் விதி. நான் அதைப்போல இரண்டு மடங்கு விடச் சொல்வேன்.

வேனுக்கு இன்னொரு தனிக் காரணம் உண்டு. அதன் முதுகு செங்குத்தானது. ஓடும்போது பின்கதவுக்கு அருகே காற்றழுத்தம் குறைந்து, புகையை வண்டி தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். வால்குழாய் பம்பருக்குள்ளேயே முடிந்து, பின்கண்ணாடியும் திறந்திருந்தால் கடைசி சீட்டில் இருப்பவர்கள் புகையைத்தான் சுவாசிப்பார்கள். பள்ளி வேன்களில் அந்தக் கடைசி சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குழாய் உடம்பைத் தாண்டி வெளியே வந்து முடியட்டும்.

கேள்வி: கோயில் சுற்றுலாவுக்கு வேன் ஓட்டுகிறேன். இரவு ஏசி போட்டு வண்டியிலேயே தூங்குவேன். ஆபத்தா? – கும்பகோணம்

பதில்: ஆபத்து. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்ற எச்சரிக்கைகளும் தூங்குகிறவருக்குத் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. எஞ்சின் மாற்றிய வண்டியில் ஆபத்து இன்னும் அதிகம். பழைய வயர், கேபிள், கியர் கம்பி போன துளைகள் தரைத் தகட்டில் திறந்தே கிடக்கும். ஒவ்வொன்றையும் ரப்பர் வளையம் போட்டு அடையுங்கள். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள். வேர்க்கும், விடியும்போது எழுந்திருப்பீர்கள்.

கேள்வி: சாலையில் காயவைத்திருக்கும் கொள்ளு, ராகித் தட்டை மேல் ஓட்டினால் எக்ஸாஸ்டுக்குக் கெடுதலா? – கிருஷ்ணகிரி

பதில்: வண்டிக்கே கெடுதல். தட்டை ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு சூடான குழாயைத் தொட்டால் சில நிமிடத்தில் பற்றிக்கொள்ளும். தாழ்வாகக் கட்டிய குழாய் இருக்கும் வேனுக்கு அபாயம் அதிகம். சுற்றிப் போக முடியாவிட்டால், தாண்டியதும் நிறுத்தி எஞ்சினை அணைத்து, அடியில் குனிந்து பார்த்து, சிக்கியதை அகற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எம்.எஸ். போதுமா, எஸ்.எஸ். போடலாமா? – தூத்துக்குடி

பதில்: கடற்கரை ஊர், எஸ்.எஸ். போடுங்கள், ஆர்கான் வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்ற ஊர்களில் கெட்டியான எம்.எஸ். போதும். குழாய் வெளியிலிருந்து துருப்பிடிப்பதைவிட உள்ளிருந்துதான் அதிகம் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. தினமும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது ஆவியாகாமல் சைலன்சரில் தங்கும். சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள், தண்ணீர் வடிந்துவிடும்.

கேள்வி: “எஞ்சின் மாற்றினதை ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள்” என்கிறார் பட்டறைக்காரர். – மதுரை

பதில்: விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார்! எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாவிட்டால் இழப்பீட்டில் சிக்கல் நிச்சயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே அதே கம்பெனி, அதே வகை எஞ்சின்தான் பாதுகாப்பான வழி. வேறு எஞ்சின் என்றால் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வாங்கினாலும் பில்லும் அந்த எஞ்சினின் பழைய ஆவணமும் கையில் இருக்கட்டும். ஒலி, புகை அளவை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. சைலன்சரை வெட்டிச் சத்தம் காட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் குறைந்தபட்சம் எதைச் செய்ய வேண்டும்? – புதுச்சேரி

பதில்: நான்கு வேலைகள். எஞ்சின் வாங்கும்போதே எக்ஸாஸ்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். பெல்லோஸ் வையுங்கள். தரைத் தகட்டின் துளைகளை அடையுங்கள். வால்குழாயை வண்டியின் உடம்புக்கு வெளியே கொண்டுவந்து முடியுங்கள். அதன்பின் ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்பும் சோப்புத் தண்ணீர் சோதனை செய்யுங்கள். செலவு ஒரு சோப்புக் கட்டி. வேனில் ஏறுகிறவர்கள் உங்களை நம்பி ஏறுகிறார்கள். அவர்கள் மூச்சுக்கு நீங்கள்தான் பொறுப்பு.